விளையாட்டும் வர்ணபேதமும்

கார்த்திகை கழிந்து மார்கழி பிறக்கும் சமயத்தில் ஐக்கிய அமெரிக்காவின் சர்வகலாசாலைகளில் ஒரு பரபரப்பு உண்டாகிவிடுகிறது. இலையுதிர் காலம் முழுவதும் வாரந்தோறும் ஆடி முடித்த கால்பந்துக் கோஷ்டிகளில் மேலானவற்றுக்கு, வருஷ முடிவிலும் புது வருஷத் துவக்கத்திலும் நடைபெறும் ‘பௌல்’ பந்தயங்களில் கலந்துகொள்ளும்படி அழைப்பு வருகிறது. அழைப்புப் பெற்ற கலாசாலையில் அப்புறம் வேறு பேச்சே கிடையாது. பரீட்சை முடிந்தும் மாணாக்கர் ஊர் திரும்புவதில்லை. உறைபனியில் பயிற்சி நடக்கிறது. பழைய மாணாக்கர்கள் ரயிலுக்கும் விமானத்துக்கும் சீட்டுப் பதிவு செய்கிறார்கள். தந்திரங்களையும் அணிவகுப்புகளையும் பற்றிப் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள்.

இந்த ஆட்டம் நமது ஊர்களில் ஆடும் கால்பந்து அன்று. பெயர்தான் கால்பந்தே ஒழிய, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், ஏந்தி வருபவனைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. பக்கத்துக்குப் 11 பேர். 100 கஜ மைதானம். நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜமாவது முன்னேற வேண்டும், இல்லையேல் பந்தை எதிரியிடம் ஒப்படைக்க வேண்டும். சடுகுடு ஆடியவர்களுக்கு இதன் ருசி சட்டென்று புரியும். ‘பௌல்’ என்றால் கிண்ணம். பரிசாகத் தரும் கிண்ணத்தால் வந்த பெயர் அல்ல இது. சுற்றிலும் படிப்படியாக உயர்ந்து நடுவே குழிந்திருக்கும் மைதானத்தின் வடிவத்தால் வந்தது. கலிபோர்னியாவில் பாஸடீனா நகரத்தில் 1902 ஜனவரி 1-ந் தேதி மிச்சிகன் சர்வகலாசாலை ஸ்டான்போர்டை 49-0 என்று தோற்கடித்த பந்தயமே இவற்றுக்கெல்லாம் மூத்தது. இது ரோஜாவின் பெயர் கொண்டது. பிறகு தென்ராஜ்யங்களும் போட்டிக்கு முன்வந்து தங்கள் விளைபொருள்களின் பெயரால் பந்தயங்களை ஏற்படுத்தின: மயாமியில் ஆரஞ்சு, நியூ ஆர்லியன்ஸில் சர்க்கரை, டல்லஸில் பருத்தி. கரும்பையும் பருத்தியையும் அந்நாட்டில் விளைவித்த கரங்கள் யாருடையவை என்பதைச் சரித்திரம் அறிந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அந்த உழைப்பாளிகளின் சந்ததியார், அதே கரும்பின் பெயராலும் பருத்தியின் பெயராலும் நடந்த பந்தயங்களில் பந்தைத் தொடலாகாது என்பது பல்லாண்டுகளாக வழக்கமாக இருந்தது.

ஆதலால் வடக்கே உள்ள ஒரு கலாசாலைக்குத் தெற்கிலிருந்து அழைப்பு வந்தால், பயிற்சியைப் பற்றிய கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி எழுந்தது: நம் கோஷ்டியில் உள்ள கறுப்பரை என்ன செய்வது? அந்தக் கேள்விக்குப் பல கலாசாலைகள் பல விதமாக விடை சொல்லியிருக்கின்றன. அவற்றைப் பற்றியே இன்று நாம் எழுத விரும்புகிறோம். எந்த அணிவகுப்பில் ஆடினார்கள் என்பதில் நமக்கு அவ்வளவு சிரத்தை இல்லை.

மிகவும் இலேசான விடை, அவரை விட்டுவிட்டுப் போவது. இதற்குக் ‘கனவான்கள் ஒப்பந்தம்’ என்று ஒரு கௌரவமான பெயரும் வைத்திருந்தார்கள். எழுத்தில் ஒன்றும் இராது. இரு தரப்பு அதிகாரிகளும் பேசி முடித்துக்கொள்வார்கள். கறுப்பு இளைஞருக்கு மட்டும் திடீரென்று தேகம் சௌக்கியமில்லை என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பதும் உண்டு. பாஸ்டன் கலாசாலைக்காக ஆடிய லூ மாண்ட்கமரி என்பவர் இதற்கு இரையானவர்களில் ஒருவர். 1940 ஜனவரி 1-ந் தேதி டல்லஸில் கிளெம்ஸன் கோஷ்டியுடன் நடந்த பருத்திப் பந்தயத்தில் அவருக்கு இடமில்லை. அடுத்த வருஷம் அதே நாளில் நியூ ஆர்லியன்ஸில் டென்னஸி கோஷ்டியைப் பாஸ்டன் கலாசாலை 19-13 என்று வென்று புகழ் பெற்றது. அங்கும் அவர் களத்தில் இறக்கப்படவில்லை. அவருடைய ஆட்டச் சட்டைக்கு ஓய்வு கொடுத்து அக்கலாசாலை கௌரவம் செய்தது 2012-ல். எழுபது வருஷங்களுக்கு மேல் கழிந்த பிறகு! கனவான்கள் தாமதமாகவேனும் நினைவுகூர்ந்தார்களே என்று திருப்தி அடைவோர் அடையலாம்.

இரண்டாவது விடையை 1955 டிசம்பரில் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலை கூறியது. அந்த நிகழ்ச்சி சற்று விஸ்தாரமாகச் சொல்லத் தக்கது.

1956 ஜனவரி 2-ந் தேதி நியூ ஆர்லியன்ஸில் நடக்கவிருந்த சர்க்கரைப் பந்தயத்துக்கு ஜார்ஜியா டெக் என்று வழங்கும் ஜார்ஜியா தொழிற் கலாசாலையும் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையும் அழைக்கப்பட்டன. பிட்ஸ்பர்க் கோஷ்டியில் பாபி கிரையர் என்ற கறுப்பு இளைஞர் இருந்தார். ஒஹையோ ராஜ்யத்தில் மாஸிலான் என்னும் ஊரைச் சேர்ந்தவர். பந்தேந்தி ஓடுவதிலும், எதிரியைத் தடுப்பதிலும் கைதேர்ந்தவர். அவர் கோஷ்டியுடன் பிரயாணம் செய்வார், கோஷ்டியுடன் உண்பார், கோஷ்டியுடன் தங்குவார், கோஷ்டியுடன் பயிற்சி செய்வார், கோஷ்டியுடன் ஆடுவார் என்று பிட்ஸ்பர்க் அதிகாரிகள் பகிரங்கமாக அறிவித்துவிட்டார்கள். இந்த ஐந்து வினைச்சொற்களையும் நமது நேயர்கள் ஒவ்வொன்றாக நிதானித்துப் படிக்க வேண்டுகிறோம். ஆடுவார் என்று மட்டும் சொல்லியிருந்தால், ஆட்ட நேரத்தில் இறக்கிவிட்டு மற்ற நேரங்களில் வேறு விடுதிக்கு அனுப்பியிருக்க இடமுண்டு. அப்படித்தான் பலர் செய்தார்கள். பந்தி வேறு, படுக்கை வேறு, ஆட்டம் மட்டும் ஒன்று என்ற ஏற்பாட்டின் சூக்ஷ்மம் நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. பம்பாயில் ஹிந்து கிரிக்கெட் கோஷ்டிக்கு ஒப்பற்ற பந்து வீச்சாளராக விளங்கிய பல்வங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் என்ற காரணத்தால், ஒரே களத்தில் ஆடியும் ஒரே பந்தியில் உட்கார முடியாமல் இருந்ததை நாம் மறந்துவிடலாகாது. அவருக்குத் தலைமைப் பதவி கடைசி வரை கிட்டவில்லை; தம்பி விட்டலுக்கு 1923-ல் கிட்டியது. அமெரிக்காவின் குற்றத்தைப் பேசும்போது நமது வீட்டுக் கதவையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

ஜார்ஜியாவில் நிலைமை வேறு. அங்கு அப்போது கவர்னராக இருந்தவர் மிஸ்டர் மார்வின் கிரிபின். பள்ளிக்கூடங்களில் நிறத்தால் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிஸ்தலம் 1954 மே 17-ந் தேதி தீர்ப்புக் கூறியிருந்தது. அந்தத் தீர்ப்பு எந்த விதத்திலும் தம் ராஜ்யத்துக்குள் நுழையாமல் காப்பதே தம் தர்மம் என்று அவர் கருதினார். 1955 டிசம்பர் 1-ந் தேதி, பக்கத்து ராஜ்யமாகிய அலபாமாவில் மாண்ட்கமரி நகரத்தில், ரோஸா பார்க்ஸ் என்ற தையல் தொழில் செய்த பெண்மணி பஸ்ஸில் தம் இருக்கையை ஒரு வெள்ளையருக்கு விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானார். மறுநாள், டிசம்பர் 2-ந் தேதி, மிஸ்டர் கிரிபின் சர்வகலாசாலைகளின் நிர்வாக சபைக்கு ஒரு தந்தி அடித்தார். ஜார்ஜியாவின் கோஷ்டி எதுவும் கறுப்பர் இடம்பெற்ற கோஷ்டியோடு ஆடலாகாது. காண வந்த ஜனங்களிடையே நிறவேற்றுமை பாராட்டாத இடத்திலும் ஆடலாகாது என்பதே அதன் சாரம். இறுதிப் போர் மூண்டுவிட்டது, வகுப்பறைக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று அதில் முழங்கியிருந்தார்.

வித்தியாசம் இல்லை என்று அவர் சொன்னது உண்மை என்றே நாம் நினைக்கிறோம். அவருடைய எதிரிகளைக் காட்டிலும் அவர் தெளிவாக யோசித்திருக்கிறார். ஒரு மைதானத்தில் இருவர் சமமாக நின்று ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு மோதலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், ஒரே வகுப்பறையில் உட்காரலாகாது என்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? அநீதியைக் கட்டிக் காப்பவர்களுக்கு எந்தக் கல்லை உருவினால் சுவர் சரியும் என்பது எப்போதும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் மிஸ்டர் கிரிபின் ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆட்டம் நின்றுவிடுமோ என்ற செய்தி எட்டிய அன்றிரவே, ஜார்ஜியா டெக் மாணாக்கர் ஏறத்தாழ 2,000 பேர் அட்லாண்டா நகரத் தெருக்களில் இறங்கிவிட்டார்கள். கவர்னருக்குக் கொடும்பாவி கட்டி எரித்தார்கள். ராஜ்ய சட்டசபை மாளிகைக்கு ஊர்வலம் போனார்கள். அங்கிருந்து கவர்னர் வாசஸ்தலத்துக்கும் போனார்கள். போனவர் அனைவரும் வெள்ளையர்; ஏனெனில் அந்தக் கலாசாலையில் அப்போது ஒரு கறுப்பு மாணாக்கர்கூட இல்லை.

இந்தக் கிளர்ச்சியைப் பற்றிப் பின்னாளில் எழுதிய சிலர் அதைச் சமத்துவப் போராட்டமாகவே வர்ணித்துவிடுகிறார்கள். நமக்கு அதில் சம்மதமில்லை. அந்த இளைஞர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் கோஷ்டியின் ஆட்டம் தேவையாக இருந்தது, அதைக் கெடுக்க வந்த கவர்னர் மேல் கோபம் உண்டாயிற்று, அவ்வளவுதான். கிரையர் என்ற மனிதரின் மானத்துக்காக அவர்கள் தூக்கம் விழித்ததாகச் சொல்வது மிகை. ஆயினும் அந்தக் காரணத்தினால் அவர்கள் செயலை இகழ்ந்துவிடவும் நமக்கு மனமில்லை. நிறவேற்றுமையைக் காப்பதற்காக நமது சந்தோஷத்தைத் தியாகம் செய்ய மாட்டோம் என்று வெள்ளை இளைஞர்கள் தங்கள் சொந்தக் கவர்னரிடம் கூறியது தென்ராஜ்யங்களில் கேட்டுப் பழகிய குரல் அல்ல. பெரிய கோட்டைகள் பல, உள்ளே இருப்பவர்களுக்கே காவல் காப்பதில் சலிப்பு உண்டானதால் விழுந்திருக்கின்றன.

அந்தக் கலாசாலையில் உண்மையாகவே தைரியம் காட்டியவர் ஒருவர் இருந்தார். அதன் தலைவர் பிளேக் வான் லீர். ஒப்புக்கொண்ட ஆட்டத்துக்குப் போவோம், இல்லையேல் வேறு தலைவரைத் தேடிக்கொள்ளுங்கள் என்று அவர் நிர்வாக சபையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சம்பளம் கொடுக்கும் சபையின் முன் நின்று, கவர்னரின் எழுத்து மூலமான கோரிக்கைக்கு எதிராகச் சொன்ன வார்த்தை இது. சபையோர் சில தினங்களில் கூடி ஆட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அதோடு ஒரு வாலையும் ஒட்டினார்கள்: ஜார்ஜியாவுக்கு வெளியே ஆடும்போது அந்தந்த ஊர் வழக்கம், ஜார்ஜியாவுக்கு உள்ளே ஆடும்போது ஜார்ஜியாவின் வழக்கம். அதாவது கறுப்பருடன் சமமாக நிற்பது எல்லைக்கு அப்பால் பாவமில்லை, எல்லைக்கு இப்பால் பாவம்! தர்மசாஸ்திரத்துக்கு இப்படி ஒரு பூகோள வியாக்கியானம் கண்டுபிடித்த சபையினரின் சாமர்த்தியத்தை நாம் மெச்சுகிறோம். மிஸ்டர் வான் லீர் அதே 1956 ஜனவரி மாதத்திலேயே காலமானார்.

இத்தனை ஆரவாரத்துக்கிடையே ஓர் இளைஞர் தினந்தோறும் பயிற்சிக்குச் சென்றுவந்ததைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் எதிரியின் ஆட்டமுறையைப் படித்துக்கொண்டிருந்த வாரங்களில், தாம் மனிதர்தானா என்பதைப் பற்றி இரண்டு ராஜ்யங்கள் விவாதம் செய்வதைக் கேட்டுக்கொண்டே அவர் பந்தைப் பிடித்துப் பழகினார். கோஷ்டித் தோழர்கள் அவரைக் கைவிடவில்லை. அவர் இல்லையேல் ஆட்டமும் இல்லை என்பதே பிட்ஸ்பர்க்கின் பேச்சாயிருந்தது.

ஆட்டத்தின் முடிவு கதைகளில் வருவதுபோல் அமையவில்லை. முதற் கால்பாகத்தில், இலக்கருகே வந்த ஒரு பந்தை எதிரி பிடிக்கவொட்டாமல் கிரையர் முறைதவறித் தடுத்தார் என்று நடுவர் தீர்ப்புக் கூறினார். அதன் பயனாகப் பந்து கோட்டுக்கு ஒரு கஜ தூரத்தில் வைக்கப்பட்டது. ஜார்ஜியா டெக்கின் வேட் மிச்செல் அதைக் கடத்திவிட்டார். அன்று அடித்த புள்ளிகள் அவ்வளவே. ஜார்ஜியா டெக் 7-0 என்று வென்றது. தம்மேல் தவறில்லை, தம்மைத்தான் தள்ளினார்கள் என்று கிரையர் சொல்லிவந்தார். அந்தத் தர்க்கம் வெகு காலம் ஓயவில்லை. அன்று இரு கோஷ்டிகளிலும் பந்தேந்தி அதிக தூரம் ஓடியவர் அவரே என்பது தோல்வியின் நிழலில் பலருக்கு மறந்துபோயிற்று.

தோல்வி அவருடையதாயினும், பயந்தவர்கள் வேறு பக்கத்தில் இருந்தார்கள். லூயிஸியானா சட்டசபை அதே 1956-ல் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து விளையாடுவதைத் தடுத்து ஒரு சட்டமே செய்துவிட்டது. வழக்கமாக இருந்தது சட்டமாயிற்று. ஒருவர் ஆடிய ஒரே ஆட்டம் ஒரு ராஜ்யத்தைச் சட்டம் இயற்றும்படி விரட்டியது என்றால் அந்த ஆட்டத்தின் மதிப்பைப் புள்ளிக் கணக்கில் எப்படி எழுதுவது? ஜோ டார்ஸி என்ற கறுப்புக் குத்துச்சண்டை வீரர் அச்சட்டத்தை எதிர்த்து வழக்காடினார். 1959-ல் உச்ச நீதிஸ்தலம் அவர் பக்கமே முடிவு செய்தது. அப்படியும், நியூ ஆர்லியன்ஸ் பந்தயத்தில் மறுபடி கறுப்பர் ஆடியதைக் காண 1965 ஜனவரி வரை, ஸிரக்யூஸ் சர்வகலாசாலை வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஜார்ஜியா டெக் 1961-ல் நீதிஸ்தலத்தின் உத்தரவு இல்லாமலே மூன்று கறுப்பு மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டது. பிட்ஸ்பர்க் கோஷ்டி, 1977 ஜனவரி 1-ந் தேதி, அதே சர்க்கரைப் பந்தயத்தில் ஜார்ஜியா சர்வகலாசாலையை 27-3 என்று முறியடித்து, ஒரு தோல்விகூட இல்லாமல் தேசத்தின் முதன்மை ஸ்தானத்தைப் பெற்றது. அன்று 202 கஜம் ஓடிய டோனி டார்ஸெட் ஒரு கறுப்பு இளைஞர்.

மூன்றாவது விடை ஒன்று உண்டு: அழைப்பையே நிராகரிப்பது. 1951-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலையின் கோஷ்டி ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. ஆலி மாட்ஸன், பர்ல் டோலர் என்ற இருவர் அதில் கறுப்பர். அவ்விருவரையும் விட்டுவிட்டு வருவதானால் பந்தயம் உண்டு என்று தெற்கிலிருந்து ஜாடை வந்தது, கோஷ்டியினர் மறுத்துவிட்டார்கள். அக்கலாசாலையின் கஜானா அப்போது காலியாகிக்கொண்டிருந்தது. பந்தய வருமானம் கிடைத்திருந்தால் தாக்குப் பிடித்திருக்கக் கூடும். கிடைக்கவில்லை, அந்த வருஷத்தோடு அங்கே பெரிய அளவில் கால்பந்து ஆடுவதையே நிறுத்திவிட்டார்கள். தோல்வியே அறியாத கோஷ்டி, ஒரு சொல்லைக் காப்பாற்றிக் கலைந்துபோயிற்று. அதில் ஆடிய ஒன்பது பேர் பிற்பாடு தொழில்முறைக் கோஷ்டிகளில் சேர்ந்தார்கள். மாட்ஸன் உள்பட மூவர் அத்தொழிலின் மிக உயர்ந்த கௌரவப் பட்டியலில் இடம்பெற்றார்கள். முழங்கால் காயத்தால் ஆட முடியாமற்போன டோலர், 1965-ல் தொழில்முறை ஆட்டங்களுக்கு முதல் கறுப்பு நடுவராக நியமனம் பெற்றார்.

1958-ல் பப்பலோ சர்வகலாசாலைக்கு வந்த சோதனையும் இத்தகையதே. அக்கலாசாலையின் சரித்திரத்தில் முதல் முறையாகப் புளோரிடாவில் ஆர்லாண்டோ நகரத்துப் பந்தயத்துக்கு அழைப்பு வந்தது. ஊரெங்கும் உற்சாகம். பிறகுதான் தெரிந்தது, மைதானத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த உள்ளூர்ப் பள்ளிக்கூட விளையாட்டுச் சங்கத்தின் விதிப்படி வெள்ளையரும் கறுப்பரும் அங்கே சேர்ந்து ஆட முடியாது என்பது. வில்லி எவன்ஸ், மைக் வில்ஸன் என்ற இருவர் வீட்டில் தங்கினால் மற்றவர்கள் போகலாம். கலாசாலை அதிகாரிகள் முடிவை மாணாக்கரிடமே விட்டார்கள். இந்த ஒரு காரியத்துக்காகவே அவ்வதிகாரிகளைப் பாராட்டுவோரும் உண்டு, பொறுப்பைத் தட்டிக் கழித்தார்கள் என்று குறை கூறுவோரும் உண்டு; நாம் இரண்டாவது கட்சியை ஒட்டியே நிற்கிறோம். இருபது வயதுப் பிள்ளைகளின் தலையில் ஏற்ற வேண்டிய பாரம் அல்ல அது. ஆனால் ஏற்றியபோது அவர்கள் தடுமாறவில்லை. எல்லோரும் போவோம், அல்லது ஒருவரும் போக மாட்டோம் என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள்.

மறுத்ததால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிட்ஸ்பர்க்கைப்போல் அழுத்தமாக நின்று ஆடியிருந்தாலல்லவா பழைய வழக்கம் உடையும்? வீட்டில் உட்கார்ந்தால் ஆர்லாண்டோவில் யாருக்கு நஷ்டம்? வேறு இரண்டு கோஷ்டிகள் வந்து ஆடிவிட்டுப் போயின அல்லவா? இந்தக் கேள்வி அசட்டையாகத் தள்ளத் தக்கதன்று. பகிஷ்காரம் என்பதன் பலாபலனை நம் தேசம் நன்றாக அறிந்திருக்கிறது. பகிஷ்கரிப்பவன் நஷ்டம் கண்ணெதிரே நிற்கும், எதிரியின் நஷ்டம் தாமதித்துத் தெரியும். ஆனால் இங்கே வித்தியாசம் ஒன்று உண்டு. நியூ ஆர்லியன்ஸார் கிரையரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. தடுக்க முயன்றவர் எதிர்க் கோஷ்டியின் கவர்னர். ஆதலால் உறுதியாய் நின்று ஆடுவதற்குப் பிட்ஸ்பர்க்குக்கு வழி இருந்தது. பப்பலோ கோஷ்டிக்கோ மைதானத்தின் கதவே சாத்தப்பட்டது. கதவு திறந்திருந்தால் எல்லோருமாக நுழைவது வீரம். பாதிப்பேருக்கு மட்டும் திறந்தால் வாசலிலேயே திரும்புவது வீரம். இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி எது மேல் என்று கேட்பது வீண் தர்க்கம். மேலும், அந்த மறுப்பினால் எவன்ஸுக்கும் வில்ஸனுக்கும் கிடைத்ததை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. மாண்ட்கமரிக்குக் கிடைக்காதது எதுவோ, அது அவர்களுக்குக் கிடைத்தது.

பப்பலோவுக்கு அடுத்த பந்தய அழைப்பு ஐம்பது வருஷம் கழித்தே வந்தது. 2009 ஜனவரி 3-ந் தேதி கனடாவில் டொராண்டோ நகரத்தில் கனெக்டிகட் கோஷ்டியிடம் 38-20 என்று தோற்றது. 1958-ன் கோஷ்டியை அப்போது யாவரும் நினைவுகூர்ந்தார்கள்.

இன்று நிறத்தின் காரணமாக ஒருவரை வீட்டில் விட்டுச் செல்லும்படி எந்தப் பந்தய நிர்வாகமும் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. இப்போது பௌல் பந்தயங்கள் வருஷத்துக்கு 40-க்கு மேல் நடக்கின்றன. முதன்மை ஸ்தானத்தை நிர்ணயிக்க 2024-ம் வருஷப் பருவம் முதல் பன்னிரண்டு கோஷ்டிகள் மோதுகின்றன. பணம் வெள்ளமாகப் பாய்கிறது. ஆடுபவர்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை என்றிருந்த நிலை 2021 முதல் தளர்ந்தது. 2025 ஜூனில் நீதிஸ்தலம் அங்கீகரித்த ராஜியின்படி கலாசாலை ஒவ்வொன்றும் வருஷத்துக்கு சுமார் 2 கோடி டாலர் வரையில் ஆட்டக்காரர்களுக்கு நேராகவே கொடுக்கலாம். இது நியாயம் என்றே நாம் கருதுகிறோம். லக்ஷக்கணக்கான ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்கும் ஆட்டத்தில் எலும்பு முறிபவனுக்கு மட்டும் கூலி கூடாது என்பது ஒரு தர்மமாகாது. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் பேரத்தைப் பேசிக்கொண்டு, பந்தயத்துக்கு முன்பே வேறு கலாசாலைக்குத் தாவுவதும், தொழில்முறை வாழ்வைக் கருதிக் கடைசி ஆட்டத்தில் இறங்காமல் நிற்பதும் இப்போது சாதாரணமாகிவிட்டன. 2023 டிசம்பரில் அதுவரை தோல்வியே காணாத புளோரிடா ராஜ்ய சர்வகலாசாலை, முக்கிய ஆட்டக்காரர் பலர் விலகிக்கொண்ட நிலையில் இறங்கி, ஜார்ஜியாவிடம் 63-3 என்று நொறுங்கியதை நேயர்கள் அறிவார்கள். தனி மனிதரின் சுதந்திரம் பெருகியதில் நமக்குச் சந்தோஷமே. எல்லோரும் அல்லது ஒருவரும் இல்லை என்று பப்பலோவில் எழுந்த குரலை இப்படிப்பட்ட கோஷ்டியில் யார் எழுப்புவார்கள் என்ற கவலையும் கூடவே வருகிறது.

கவலைக்கு ஒரு மாற்றும் கிடைத்திருக்கிறது. மிஸிஸிப்பி ராஜ்யத்தின் கொடியில், அடிமைத்தனத்தைக் காக்கப் போரிட்ட தென்னவர்களின் சின்னம் 1894 முதல் பொறிக்கப்பட்டிருந்தது. 2020 ஜூனில் மிஸிஸிப்பி ராஜ்ய சர்வகலாசாலையின் கைலின் ஹில் என்ற கறுப்பு ஆட்டக்காரர், அந்தக் கொடி மாறாவிட்டால் இந்த ராஜ்யத்துக்காக இனி ஆட மாட்டேன் என்று அறிவித்தார். அவர் ஒருவரால் மட்டும் காரியம் நடந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. கலாசாலை விளையாட்டு ஸ்தாபனங்களும், வியாபாரிகளும், கிறிஸ்தவ சபைகளும் நெருக்கினார்கள். தேசமெங்கும் அப்போது பெரும் கிளர்ச்சி மூண்டிருந்தது. ஆயினும் ஒரு கால்பந்து ஆட்டக்காரரின் சொல்லைச் சட்டசபையில் உட்கார்ந்திருந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. 1955-ல் கோஷ்டிக்குக் கட்டளை இட்டவர் கவர்னர். 2020 ஜூன் 30-ந் தேதி பழைய கொடியை இறக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் ஒரு கவர்னரே. அவ்வருஷம் நவம்பரில் மிஸிஸிப்பி ஜனங்கள் வாக்களித்து, மக்னோலியா மலர் பொறித்த புதிய கொடியை ஏற்றுக்கொண்டார்கள்.